பணத்தை எண்ணுமுன் பல்லை எண்ணுங்கள்

பழைய லொறிச் சாமான் வியாபாரத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். வாங்க வந்தவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் சாமானைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்திய நாட்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். லொறி வைத்திருப்போர், வைத்திருப்போருக்குக் கடன் கொடுத்திருப்போர், கராஜ் நடத்துவோர் எல்லோரும் சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

2023ஆம் ஆண்டு. மலையகத்துச் சிறுநகரமொன்றில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வந்தார். சீமெந்து, மணல், கம்பி என்று தோட்டப் பக்கங்களுக்கு ஏற்றி இறக்குபவர். அவரிடம் இருந்தது ஆறு சில்லு ஜப்பான் லொறி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போதும் திறக்கப்படவில்லை. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவுக்குப் போய்வந்த சூடும் யாருக்கும் ஆறவில்லை.

"நானா, புது லொறி எடுக்க ஏலாது. இருக்கிறதப் பத்துச் சில்லாக்கினா என்ன? பின்னால ரெண்டு அச்சும் இழுக்கோணும். வெறுமையா வாறப்ப ஒண்ட விட்டுடோணும். எங்கட பாஸ் செஞ்சு தாறெண்டு சொல்றார்" என்றார்.

எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. களஞ்சியத்தில் கிடந்த பத்துச் சில்லு லொறியின் முன்பக்கத்துப் பின்அச்சு ஒன்றையும், வேறொரு லொறியின் பின்அச்சு ஒன்றையும் சேர்த்து விலை பேசினேன். இரண்டும் ஒரே கம்பனிச் சாமான், பார்வைக்கு அச்சாக ஒன்றுபோல. காசை எண்ணி எடுத்தேன். உள்ளே இருந்த பல்லை எண்ணவில்லை.

பின்னால் நடப்பது என்ன?

தொழில் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் காசு போடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பத்துச் சில்லு லொறியின் பின்னால் இரண்டு அச்சுகள் உண்டு. சில லொறிகளில் ஒன்று மட்டும் இழுக்கும். மற்றது பாரம் தாங்க மட்டும் உருளும். சிலவற்றில் இரண்டும் இழுக்கும். இரண்டும் இழுப்பதென்றால், கியர்பெட்டியிலிருந்து வரும் புரொப்பலர் ஷாஃப்ட் முதலில் முன்பக்கத்துப் பின்அச்சுக்கு வருகிறது. அந்த அச்சின் தலையில் இன்னொரு டிபரன்ஷல் இருக்கிறது. அது சக்தியை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைத் தன் அச்சுக்கும், மறு பங்கை அச்சின் பின்புறமாக வெளியேறும் ஷாஃப்ட் வழியாகக் கடைசி அச்சுக்கும் அனுப்புகிறது. இடையில் ஒரு குட்டி புரொப்பலர் ஷாஃப்ட்.

சாதாரண ஆறு சில்லு லொறியின் அச்சில் இந்தப் பிரிக்கும் அமைப்பு கிடையாது. பின்புறமாக ஷாஃப்ட் வெளியேற வழியும் கிடையாது. ஆகவே, கிடைத்த இரண்டு அச்சை வரிசையில் வைத்துப் பூட்டினால் பத்துச் சில்லு லொறி வந்துவிடும் என்று நினைப்பது தவறு.

நடுவில் டிபரன்ஷல் எதற்கு என்று கேட்பீர்கள். வளைவில் இரண்டு அச்சும் ஒரே தூரம் ஓடுவதில்லை. டயர் தேய்மானமும் சமமாக இருப்பதில்லை. இரண்டையும் இறுக்கிக் கட்டினால் ஒன்றையொன்று இழுத்துச் சண்டை பிடிக்கும். டயர் உரசும், எண்ணெய் கொதிக்கும், பல் உடையும். அந்தச் சண்டையைத் தீர்ப்பதுதான் நடு டிபரன்ஷலின் வேலை. சேற்றில் ஒரு அச்சு வழுக்கும்போது மட்டும் அதைப் பூட்டிக்கொள்ள ஒரு லொக் இருக்கும். பெரும்பாலும் அது எயாரால் பூட்டி, எயார் போனால் ஸ்பிரிங்கால் விடுபடும்.

விட்டுவிடும் வசதி

வேண்டாத நேரம் இயக்கத்தைத் துண்டிப்பது புதுச் சிந்தனை அல்ல. வில்லிஸ் ஜீப்பை நம் மூத்தவர்கள் அறிவார்கள். அந்த ஜீப்பின் முன்சில்லுகளை இயக்கத்திலிருந்து விடுவிக்கும் ஹப்பை அமெரிக்காவின் வார்ன் கம்பனி 1948இல் விற்கத் தொடங்கியது. தார் றோட்டில் முன்அச்சின் பற்கள் வீணாகச் சுழன்று எரிபொருளைத் தின்னக் கூடாது என்பதே நோக்கம். 2010களின் நடுப்பகுதியில் வொல்வோ கம்பனி, இரண்டும் இழுக்கும் லொறியிலேயே கடைசி அச்சைத் துண்டித்து, நிலத்திலிருந்து தூக்கியும் விடும் வசதியைக் கொண்டு வந்தது. வெறுமையாக ஓடும்போது எரிபொருளில் 4 சதவீதம் வரை மிச்சம் என்று அக்கம்பனி சொன்னது.

நண்பரின் கராஜில் செய்தது அதைவிட எளிமையானது. குட்டி புரொப்பலர் ஷாஃப்டில் பல் வைத்த ஒரு கொலர். கைப்பிடியை இழுத்தால் கொலர் நகர்ந்து இணைப்பு விடுபடும், தள்ளினால் சேரும். வேலைப்பாட்டில் நான் குறை சொல்ல மாட்டேன். லேத் வேலை சுத்தம். இடத்தையும் சரியாகவே தெரிந்தெடுத்திருந்தார் பாஸ். ஒரு எஞ்சின் 400 நியூட்டன் மீற்றர் முறுக்குத் தருகிறது, முதல் கியர் 6.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். புரொப்பலரில் 2,520 வரும். டிபரன்ஷலைத் தாண்டி அச்சுக்குள் போனால் அது ஐந்தாறு மடங்காகப் பெருகும். ஆகவே டிபரன்ஷலுக்கு முன்னால் துண்டிப்பதுதான் கொலருக்குச் சுகம்.

ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. கடைசி அச்சைத் துண்டித்ததும் நடு டிபரன்ஷலின் ஒரு வாசல் வெறுமையாகிறது. தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுவதுபோல, சுழற்சியெல்லாம் அந்த வெறும் வாசலால் ஓடிவிடும். எஞ்சின் உறுமும், லொறி அசையாது. எனவே கடைசி அச்சை விடுமுன் நடு லொக்கைப் பூட்ட வேண்டும். திரும்பச் சேர்க்கும்போது முதலில் அச்சைச் சேர்த்து, பிறகுதான் லொக்கைத் திறக்க வேண்டும். இந்த ஒழுங்கை சாரதி மனதில் வைத்திருப்பார் என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பிக்கை போதாமல் போனது வேறொரு வழியாக.

ஹேண்ட் பிரேக் பிடித்திருந்த லொறி

ஒரு நாள் காலை, லொறி வெறுமையாகக் கடைக்கு வந்தது. கடைசி அச்சு விட்டபடி, நடு லொக் பூட்டியபடி. கடை வாசல் சரிவு. சாரதி ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். பையன்கள் சீமெந்து மூட்டை ஏற்றத் தொடங்கினார்கள். அரை மணித்தியாலம் போயிருக்கும். லொறி மெல்லப் பின்னால் நகரத் தொடங்கியது. கிளீனர் பையன் கத்திக்கொண்டு ஓட, லொறி எதிரே இருந்த மதிலில் போய் மோதி நின்றது. ஒரு முச்சக்கர வண்டி நசுங்கியது. அதன் சாரதி ஒரு நிமிடத்துக்கு முன்தான் இறங்கியிருந்தார்.

"ஹேண்ட் பிரேக் இழுத்துத்தானே வெச்சேன்" என்று அந்தச் சாரதி அழாத குறை. எல்லோரும் அவரைத்தான் ஏசினார்கள். போய்ப் பார்த்தபோது ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே, இறுக்கமாகவே இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். இந்த வகை லொறியில் ஹேண்ட் பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை. கியர்பெட்டிக்குப் பின்னால் புரொப்பலர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. அங்கிருந்து அச்சு வழியாகத்தான் சில்லு நிற்கிறது. எஞ்சின் நின்றதும் எயார் சிறிது சிறிதாகக் கசிந்தது. எயார் குறைந்ததும் நடு லொக்கின் ஸ்பிரிங் அதைத் திறக்கப் பார்த்தது. சரிவில் நின்ற லொறியின் பாரம் பற்களை இறுக்கிப் பிடித்திருந்ததால் உடனே திறக்கவில்லை. மூட்டை விழ விழ லொறி குலுங்கியது. ஒரு குலுக்கலில் பல் விடுபட்டது. கடைசி அச்சோ கைப்பிடியால் துண்டிக்கப்பட்டபடியே இருந்தது. புரொப்பலர் அசையாமல் நிற்க, முன்பக்கத்துப் பின்அச்சு ஒரு பக்கம் சுழல, வெறும் வாசல் மறு பக்கம் சுழல, லொறி தன்பாட்டில் போனது. பிடித்திருந்த பிரேக் எதையும் பிடித்திருக்கவில்லை.

இதை முன்கூட்டி யோசித்தவர் யாருமில்லை. நண்பர் யோசிக்கவில்லை, பாஸ் யோசிக்கவில்லை, இரண்டு அச்சையும் விற்ற நானும் யோசிக்கவில்லை.

என் பங்கு

லொறியைக் கழற்றியபோது இன்னொரு விடயம் வெளியே வந்தது. நடு டிபரன்ஷலின் சிறு பற்கள் நீலம் பாய்ந்திருந்தன, எண்ணெய் கறுத்திருந்தது. மூன்று மாத ஓட்டத்தில் இப்படி ஆக நியாயமில்லை. கிரவுன் வீலின் பல்லை எண்ணிப் பார்த்தோம். ஒரு அச்சில் 41க்கு 7. மற்றதில் 40க்கு 7.

ஒரு பல்தானே என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். 41ஐ 7ஆல் பிரித்தால் 5.857. 40ஐ 7ஆல் பிரித்தால் 5.714. டயரின் சுற்றளவு 3 மீற்றர் என்றால் ஒரு கிலோமீற்றருக்குச் சில்லு 333 தரம் சுழலும். அதற்கு ஒரு அச்சின் பினியன் 1,952 தரமும் மற்றதன் பினியன் 1,905 தரமும் சுழல வேண்டும். கிலோமீற்றருக்கு 47 சுற்று வித்தியாசம். வளைவில் சில விநாடி வேலை செய்யவென்று வார்த்த பற்கள், நேர் றோட்டிலும் பாரத்தோடு ஓயாமல் வேலை செய்தன. எரியாமல் என்ன செய்யும்?

அந்தப் பல்லை விற்குமுன் எண்ண எனக்குப் பத்து நிமிடம் போதும். ஹவுசிங் மூடியைத் திறக்கச் சோம்பல். அச்சின் விலையைத் திருப்பிக் கொடுத்தேன். மதிலுக்கும் முச்சக்கர வண்டிக்கும் நண்பர் கொடுத்தார். கராஜ்காரர் தன் கூலியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். மூவரும் மூன்று பக்கம் நட்டம். மனிதருக்கு ஒன்றும் ஆகாததுதான் எங்கள் இலாபம்.

காசுக் கணக்கு

அன்று செய்திருக்க வேண்டிய இன்னொரு கணக்கையும் பார்ப்போம். துண்டிக்கும் வசதி எவ்வளவு மிச்சம் பிடிக்கும்?

மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடும் லொறி, லீற்றருக்கு மூன்றரைக் கிலோமீற்றர் போகிறது என்று வைப்போம். மாதத்துக்கு 857 லீற்றர். பாதி ஓட்டம் வெறுமையாக என்றால், மிச்சம் பிடிக்க வாய்ப்புள்ளது 428 லீற்றரில்தான். கம்பனிக்காரன் சொன்ன 4 சதவீதத்தை அப்படியே எடுத்தாலும் 17 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று போட்டால் மாதம் 5,100 ரூபா. வருடத்துக்கு அறுபதாயிரம் ரூபா அளவில். மாற்று வேலைக்குப் பதினைந்து இலட்சம் போனால், டீசல் மிச்சத்தால் மட்டும் அதை மீட்க இருபத்து நான்கு வருடம் வேண்டும்.

அதுவும் அந்த 4 சதவீதம் அச்சைத் தூக்கிவிடும் லொறிக்கு உரியது. நம் கராஜில் செய்வதுபோல் குட்டி புரொப்பலரை மட்டும் துண்டித்தால், கடைசி அச்சின் சில்லு நிலத்தில் உருண்டுகொண்டே இருக்கும். சில்லு உருள, உள்ளே கிரவுன் வீலும் பினியனும் எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும். மிச்சம் இன்னும் குறையும். உள்ளேயும் நிற்க வேண்டுமானால் அக்சில் ஷாஃப்டையும் விடுவிக்க வேண்டும். பழுதான லொறியை இழுத்துப் போகும்போது அக்சில் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு மூடி போடுகிறோமே, அதே காரணம்தான்.

ஆகவே டீசலைக் காட்டி இந்த வேலையை விற்கிறவரை நம்பாதீர்கள். இரட்டை இழுவையின் நியாயம் வேறிடத்தில் இருக்கிறது. கல்குவாரி, மணல் பூமி, மழைக் காலத்துத் தோட்டப் பாதை, வயல் ஓரம் போன்ற இடங்களில் ஒரு அச்சு வழுக்கி லொறி அரை நாள் புதைந்து கிடந்தால் போகும் காசு பெரிது. வருடத்தில் எத்தனை நாள் உங்கள் லொறி அப்படிப் புதைந்தது? அந்த எண்ணிக்கையை முதலில் எழுதிப் பாருங்கள். என் நண்பரிடம் பிறகு கேட்டேன். யோசித்துவிட்டு, "வருஷத்துக்கு நாலஞ்சு நாள் இருக்கும்" என்றார். நாலைந்து நாளுக்கு ஒரு டிராக்டரை வாடகைக்குப் பிடித்து இழுத்திருக்கலாம்.

பாரம்தான் பிரச்சினை என்றால் இழுக்காத அச்சொன்று போதும். அதில் பல்லுமில்லை, எரிவதற்கு எண்ணெயுமில்லை. உண்மையாகவே இரண்டும் இழுக்க வேண்டிய தொழில் என்றால், கம்பனியிலேயே அப்படிச் செய்து வந்த லொறியைத் தேடுவதே நல்லது. 2025இல் இறக்குமதிக் கதவு திறந்த பிறகு, 2023இல் எங்களுக்கிருந்த சாட்டும் இல்லை.

செய்தே ஆக வேண்டுமென்றால்

இத்தனைக்குப் பிறகும் தேவை இருப்பவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

இரண்டு அச்சையும் ஒரே லொறியிலிருந்து, ஸ்பிரிங்கும் குட்டி புரொப்பலருமாகச் சேர்த்து வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் மூடியைத் திறந்து பல்லை எண்ணிய பிறகே காசைக் கொடுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். அது என் கடையாக இருந்தாலும் சரி.

இரண்டு அச்சும் பாரத்தைப் பங்கிட வேண்டும். தனித்தனி ஸ்பிரிங்கில் தொங்கவிட்டால், மேட்டில் ஏறும்போது முழுப் பாரமும் ஒரு அச்சில் விழும். நடுவில் ஊஞ்சல்போல் ஆடிச் சமன் செய்யும் அமைப்பை அமெரிக்காவின் ஹென்ரிக்சன் கம்பனி 1926இலேயே செய்துவிட்டது. நூறு வருடப் பாடத்தை நாம் செலவு மிச்சம் என்று தள்ளிவிடக் கூடாது.

நான்கு பக்கத்து டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். புது டயரின் பூ 15 மில்லிமீற்றர், தேய்ந்ததில் 3 மில்லிமீற்றர் என்றால் விட்டத்தில் 24 மில்லிமீற்றர் குறைகிறது. ஒரு மீற்றர் விட்டமுள்ள டயரில் இது 2.4 சதவீதம். நான் விற்ற 41க்கும் 40க்கும் உள்ள அதே வித்தியாசம்தான். புது டயர் இரண்டை ஒரு அச்சுக்கு மட்டும் போடுகிறவர், தெரியாமலே என் தவறைத் தன் லொறியில் செய்கிறார்.

துண்டிக்கும் கொலரை ஸ்பிரிங் சேர்க்க வேண்டும்; எயார் விடுவிக்க வேண்டும். எயார் போனால் அச்சு தானாகச் சேரும் பக்கம் போக வேண்டும். நடு லொக் பூட்டாமல் அச்சு விடுபடாதபடி எயார் குழாயிலேயே ஒழுங்கு வைக்க வேண்டும். சாரதியின் ஞாபகத்தில் வைக்கக் கூடாது. பல் உள்ளே போய்விட்டதைக் காட்ட டாஷ்போர்டில் ஒரு விளக்கு வேண்டும். லொறி நின்ற பிறகே சேர்க்க வேண்டும். ஓட்டத்தில் சேர்த்தால் பல் மிஞ்சாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹேண்ட் பிரேக் சில்லில் பிடிக்க வேண்டும். ஸ்பிரிங் பிரேக் சேம்பர் இரண்டு பூட்டச் செலவாகும். மதில் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல. சரிவில் நிறுத்தினால் சில்லுக்குக் கட்டை வைக்கும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

புது அச்சுக்கும் பிரேக் உண்டு, அதற்கும் எயார் வேண்டும். தாங்கி போதுமா என்று பாருங்கள். ஒரு அச்சில் மட்டும் ஓடும்போது முழு முறுக்கும் அந்த அச்சின் பல்லில்தான் விழுகிறது. பாரத்தோடு ஏற்றத்தில் தொடங்கும்போது கடைசி அச்சு சேர்ந்தே இருக்க வேண்டும்.

கடதாசி

கடைசியாக, நம்மவர்கள் அதிகம் தவறவிடும் இடம். என் நண்பருக்கும் கராஜுக்கும் இடையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை. என்ன செய்வது, எந்தச் சாமான் யாருடையது, உடைந்தால் யார் பொறுப்பு என்று எதுவும் எழுதப்படவில்லை. முகத்துக்கு முகம் தெரிந்தவர்கள் என்பதே ஒப்பந்தம். அந்த முகங்கள் மதிலில் லொறி மோதிய மறுநாள் மாறிவிட்டன. இன்றும் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. நல்ல இரு மனிதர்களைக் கெடுத்தது அச்சு அல்ல, எழுதாமல் விட்ட நான்கு வரி.

வாகனத்தின் அமைப்பை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியும் பதிவில் திருத்தமும் வேண்டும். அச்சைக் கூட்டியதால் மட்டும் ஏற்றக்கூடிய பாரம் கூடிவிடாது. காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பதிவில் ஆறு சில்லும் றோட்டில் பத்துச் சில்லுமாக ஓடும் லொறி விபத்தில் மாட்டினால், இழப்பீடு கேட்கப் போகிற உங்களைத்தான் முதலில் கேள்வி கேட்பார்கள்.

என் கடையில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்த அச்சு வந்தாலும் மூடியைத் திறந்து பல்லை எண்ணி, வெள்ளைப் பெயின்றால் ஹவுசிங்கில் எழுதிவிட்டுத்தான் அடுக்குகிறோம். பையன்கள் முதலில் முணுமுணுத்தார்கள். போன மாதம் ஒருவர் வந்து, இருக்கிற அச்சுக்குச் சோடி வேண்டும் என்றார். உங்களுடையதில் எத்தனை பல் என்று கேட்டேன். தெரியாது என்றார். எண்ணிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அன்று ஒரு வியாபாரம் போனது. அவர் இன்னும் திரும்பி வரவில்லை, வேறெங்கோ வாங்கியிருக்கலாம். இரவில் எனக்கு நித்திரை வந்தது.